ஆக்டிங் மாமன்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கறீங்களாங்க? தட்டு ஒண்ணு இருக்குது. மடியிலயே வெச்சுக்கலாம், ஆனா இந்த பஸ் டிரைவர் பிரேக் பிடிக்கறதைப் பாத்தீங்களா, ஏதோ பூரானை மிதிக்கற மாதிரி மிதிக்கறான். நானும் டிரைவர்தானுங்க. பஸ்ல உக்காந்தா என்ற வலது காலு சும்மா இருக்காது. அவனுக்கும் சேத்து நானே மிதிச்சுட்டு வருவேன்.

தட்டுங்களா? சீருங்க. பொறந்தவன் சீரு. தங்கச்சி புது வீடு பால் காச்சுது, கீரணத்தம் பக்கம், வில்லாவுங்க. ஊரெல்லாம் விடிகாலை நாலரைக்கு வெச்சுக்குவாங்க. இவிங்க ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ளன்னு வெச்சிருக்காங்க. ஏன்னு கேளுங்க. பொண்ணுக்குக் காலையில ஆறு மணிக்கு நீச்சல் கிளாஸ். மகாலட்சுமியே வந்தாலும் கிளாஸ் முடியற வரைக்கும் வாசல்ல நிக்கோணும்.

தங்கச்சின்னா கூடப் பொறந்ததில்லீங்க. அதை முதல்லயே சொல்லிப்புடறேன், பொறவு நீங்க என்னைப் புளுகன்னு நெனைக்கக் கூடாது. என்ற பேரு மயில்சாமி. நான் அவிங்க வீட்டுக்கு ஆக்டிங் டிரைவர். காரு அவிங்களுது, ஓட்டறது நானு. ஒரு வருசம் ஓட்டுனேன். ஆனா மாமன்ங்கறது நெசமுங்க. அந்த வீட்டுப் பையனுக்கு நான்தான் தாய்மாமன். எப்படின்னு சொல்றேன். நீங்க எங்க எறங்கோணும்? கோயில்பாளையமா? அப்ப நேரம் கெடக்குது. இந்த டிராபிக்ல கணபதி தாண்டறதுக்குள்ளயே உங்களுக்குத் தாடி மொளச்சிரும்.

சௌந்தர்யா மேடம், கௌதம் சாரு, ரெண்டு பேருமே கம்ப்யூட்டர் கம்பெனி. பொண்ணு யாழிசை, பத்து வயசு. பையன் ருத்விக், அஞ்சு. ருத்விக்னு கூப்பிட்டா என்ற நாக்கு சுளுக்கிக்கும், அதனால நான் கண்ணுன்னுதான் கூப்பிடுவேன். அந்த வீட்ல ஒருத்தரும் வீட்ல இருந்து நான் பாத்ததில்லீங்க. எட்டாவது மாடியில லட்சக்கணக்குல சோபாவெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க, உக்கார ஆளில்ல. சமையக்கார அக்காதான் அதுல காலை நீட்டிப் படுத்து நாடகம் பாக்கும். குடும்பம் குடியிருந்தது கார்லதான். சோறு கார்ல, வீட்டுப்பாடம் கார்ல, துணி மாத்தறது கார்ல. பொண்ணு பரதநாட்டியத்துக்குச் சலங்கை கட்டிட்டு ஏறும், எறங்கறப்ப கராத்தே டிரஸ்ல எறங்கும். நடுவுல மூணு சிக்னல்தான் இருக்கும். எப்படி மாத்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, நான் கண்ணாடியில பாக்க மாட்டேன்.

இதுக்கெல்லாம் போன்ல ஒரு காலண்டர் வெச்சிருந்தாங்க. ஆளுக்கொரு கலரு. சாருக்குச் செவப்பு, மேடத்துக்கு ஊதா, பொண்ணுக்குப் பச்சை, பையனுக்கு நீலம். எனக்கும் ஒரு கலர் குடுத்தாங்க. சாம்பல். ஒரு குடும்பத்துல நமக்குன்னு ஒரு கலர் இருக்குதுன்னா அது சின்ன விசயமுங்களா? எங்கூட்டுக்காரிகிட்டக் காட்டுனேன். "சட்டி வெளக்கற கலரு"ன்னா. அவளுக்குப் பொறாமை.

லீவு விட்டா ஓய்வாச்சும் எடுப்பாங்கன்னு பாத்தா, அதுவும் கிளாஸ் மாதிரிதானுங்க. மூணாறு கூட்டிட்டுப் போனேன். மலை மேல ஒரே ஒரு வளைவுலதான் போன் சிக்னல் கெடச்சுது. அந்த வளைவுலயே வண்டிய நிறுத்துன்னாங்க. முன் சீட்ல சாரு ஜெர்மனிக்காரன்கிட்டப் பேசறாரு, பின் சீட்ல மேடம் அமெரிக்காக்காரன்கிட்டப் பேசறாங்க. பசங்க ரெண்டும் டிக்கியத் தெறந்து வெச்சு அதுல உக்காந்து தேயிலைத் தோட்டத்தைப் பாக்குதுங்க. நான் டயருக்குக் கல்லு வெச்சுட்டு நிக்கறேன். அவ்வளவுதான் மூணாறு. தாய்லாந்து போயிட்டு வந்தப்ப ஏர்போர்ட்ல இருந்து நேரா அபாகஸ் போட்டிக்கு வண்டிய விடச் சொன்னாங்க. பொண்ணு தலையில இருந்து கடல் மண்ணு உதிர உதிரக் கூட்டல் போட்டுச்சு. கப்பு வாங்கிருச்சு, அதையும் சொல்லோணும்.

இந்த லட்சணத்துல பையனுக்கு மொட்டையடிக்கோணும். அங்கதான் என்ற கதை வருது.

எங்க பக்கத்துல ஒத்தப்படை வயசுலதான் மொத மொட்டை அடிச்சுக் காது குத்துவாங்க. குலதெய்வம் கோயில்ல, தாய்மாமன் மடியில உக்கார வெச்சு. ஒரு வயசுல அடிக்கலாம்னா மேடத்துக்கு ப்ரமோஷன். மூணுல அடிக்கலாம்னா சாருக்கு ஜெர்மனி. இப்ப அஞ்சு. இதை விட்டா ஏழு. இத்தனை வருசமாக் கத்திரி படாத முடி இடுப்பத் தொட்டுருச்சுங்க. ரெண்டு ஜடை போட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. ஸ்கேட்டிங் மாஸ்டர் மூணு மாசமா "வாம்மா, போம்மா"ன்னுட்டு இருந்தாரு. பையனும் திருத்தல. அவனுக்கும் நேரமில்ல.

மேடத்துக்குக் கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தரு இருக்காரு. ஹரீஷ் சாரு, கனடாவுல. அவரு மடியிலதான் உக்காரோணும். தேதி வெச்சா அவருக்கு லீவு இல்ல. அவருக்கு லீவு கெடச்சா சாருக்கு ஆடிட்டு. ரெண்டும் தோதா வந்தா ஆடி மாசம். கடைசியில தேதியக் குறிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? ஜோசியரில்ல. ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. திங்கக்கெழமை போட்டி, தேசத் தலைவர்கள்னு தலைப்பு. ஞாயித்துக்கெழமை மொட்டையடிச்சா திங்கக்கெழமை அப்படியே காந்தி. "ரப்பர் தொப்பி மாட்டுனா வேர்க்கும்ணா, இது ஒரிஜினல்"னு மேடம் என்கிட்டச் சொன்னாங்க. காலண்டர்ல நீலக் கட்டம் போட்டாங்க. மொட்டை, காது, காந்தி. மூணும் ஒரே கட்டத்துல.

காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் கோயிலு. காட்டுக்குள்ள சின்னக் கோயில்தான். சொந்தபந்தம் ஒருத்தரையும் கூப்பிடல. கூப்பிட்டா சோறு போடோணும், பேசோணும், அதுக்கு ஒரு கட்டம் வேணுமே. நாலு பேரும் நானும்தான். ஹரீஷ் சாரு வீடியோ கால்ல வந்தாரு. அங்க ராத்திரி போல, போர்வையப் போத்திட்டு உக்காந்திருந்தாரு. மேடம் ஒரு மணைப் பலகையப் போட்டு, அதுமேல போனை நிக்க வெச்சு, அதுக்கு முன்னால பையனை உக்கார வெச்சாங்க. நான் சிரிக்கலீங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

பூசாரி பாத்தாரு. "அம்மிணி, போனு மடியாகாது"ன்னாரு.

அந்த நேரம் பாத்து சிக்னலும் போயிருச்சு. ஹரீஷ் சாரு வாயத் தெறந்த வாக்குல அப்படியே நின்னுட்டாரு. கத்திக்காரரு தண்ணியத் தெளிச்சு ஒரு ஜடையில கைய வெச்சாரு. பையன் வீல்னு கத்திட்டு ஓடியாந்து என்ற காலைக் கட்டிக்கிச்சு. அவங்கப்பன் பக்கத்துலதான் நிக்கறாரு. அவங்கம்மா நிக்கறாங்க. என்ற காலைத்தான் கட்டிக்கிச்சு. இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க.

மேடம் கைக்கடியாரத்தைப் பாத்தாங்க. "அண்ணா, நீங்க உக்காந்துடுங்க. நீங்களும் எங்களுக்கு அண்ணன் மாதிரிதானே"ன்னாங்க.

பூசாரிக்கு ஒப்பல. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "மாமன் எந்தக் கூட்டமுங்க?"ன்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. கூட்டம்னா அவிங்க சாதிக்குள்ள இருக்கற குலம். நான் அவிங்க சாதியே இல்லீங்க, அப்புறம் கூட்டத்துக்கு எங்க போறது. மேடம் சட்டுனு சாரைக் காட்டி, "பன்னெண்டரைக்கு இவருக்கு மீட்டிங் இருக்குங்க"ன்னாங்க. பூசாரி போனை எடுத்துட்டு மணைய என்ற பக்கம் தள்ளிட்டாரு. எத்தனையோ பெரியவங்க ஊர் ஊராப் போய்ப் பேசியும் அசையாத சமாச்சாரம், ஒரு மீட்டிங்குல முடிஞ்சு போச்சுங்க. சாதி பாக்க அவிங்களுக்கு நேரமில்ல.

உக்காந்தேன். எங்கப்பனுக்கு நாங்க நாலும் பசங்க. பொண்ணு இல்ல. நான் ஒருத்தருக்கும் மாமன் கிடையாதுங்க. கல்யாண வீடு, காதுகுத்து வீடு எங்க போனாலும் பந்தியில ஒரு எலை, அவ்வளவுதான். மாமன்னு கூப்பிட்டு மாலை போட்டு நடுவுல உக்கார வெச்சதில்ல. அன்னிக்குப் போட்டாங்க. ஜடை ரெண்டும் என்ற மடியில விழுந்துச்சு. பையன் தேம்பறது என்ற நெஞ்சுல வந்து இடிக்குது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க, எனக்கு அழுகை வந்துருச்சு. முடி கண்ணுல விழுந்துருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆசாரி காதைக் குத்துனப்ப வலி தாங்காம என்ற கட்டைவிரலைக் கடிச்சான். இந்தா பாருங்க தழும்பு. நல்லா வெளிச்சத்துல பாருங்க. ரெண்டு பல்லு.

பதினோரு மணிக்கெல்லாம் வண்டியில ஏறிட்டோம். சாரு மீட்டிங்க கார்லயே பேசுனாரு. பின்னால மொட்டைத் தலைய சந்தனத்தோட என்ற சீட்ல முட்டிக்கிட்டு, "மயில் மாமா, எரியுது"ன்னான். அது வரைக்கும் டிரைவர் அண்ணான்னு கூப்பிட்டுட்டு இருந்தவன். யாரும் சொல்லிக் குடுக்கல.

மாறுவேடத்துல ரெண்டாவது பிரைஸ்தானுங்க. மொதப் பிரைஸ் ஒரு பையன் வாஷிங் மெஷினா வந்தான், அவனுக்குக் குடுத்துட்டாங்க. தேசத் தலைவர்கள்னு தலைப்பு. அவங்கம்மாவுக்கு அதைப் படிக்க நேரமில்ல போல, பாவம்.

அன்னையில இருந்து நான் மாமனாத்தான் நடந்துக்கிட்டேன். தீவாளிக்குச் சட்டை எடுத்துக் குடுத்தேன். மேடம் தேங்க்ஸ்ணான்னு வாங்கி டிக்கியில வெச்சாங்க. பொங்கல் வரைக்கும் அது டிக்கியிலயே இருந்துச்சு, வீட்டுக்குக் கொண்டுபோக மறந்துருப்பாங்க. ஆயிரம் சோலி இருக்குதில்ல.

வியாழக்கெழமை வியாழக்கெழமை பையனுக்கு ஃபோனிக்ஸ்னு ஒரு கிளாஸ். வாயக் கோணிக் கோணி ஏபிசிடி சொல்றது. ஒருநாள், "மாமா, தூக்கமா வருது, கிளாஸ் வேண்டாம்"னான். மாமன்னா ஒரு அதிகாரம் இருக்குதுங்களா இல்லீங்களா? வண்டியத் திருப்பிட்டேன். மேம்பாலத்துக்குக் குழி தோண்டிட்டு இருந்தாங்க, ஜேசிபி வெச்சு. ஓரமா நிறுத்திட்டு ரெண்டு பேரும் பாத்தோம். அந்த மஞ்சக் கை மண்ணை அள்ளி அள்ளிப் போடறதை, கண்ணைச் சிமிட்டாமப் பாத்தானுங்க. ஒரு மணி நேரம் அவனை யாரும் எதுக்கும் கெளப்பல. வர்ற வழியில ரோட்டுக் கடையில காளான் மசாலா ஒரு தட்டு வாங்கிக் குடுத்தேன். தட்டை நக்கிட்டான். அடுத்த வியாழக்கெழமையும் போனோம். அதுக்கடுத்ததும். அப்படியே வாராவாரம். வீட்ல அம்மா கேட்டா, வாயக் கோணி ரெண்டு எழுத்துச் சொல்லிக் காட்டுவான். கெட்டிக்காரன்.

அப்புறம் அந்த டீச்சரு மேடத்துக்குப் போன் போட்டு, பையன் நல்லா இருக்கானா, ரெண்டு மாசமாக் காணோமேன்னு கேட்டிருக்குது. அன்னிக்குச் சாயங்காலம் மேடம் கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை திட்டலீங்க. "மயிலண்ணா, இந்த வருசம் நீங்க ரொம்ப ஓட்டிட்டீங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. தேவைன்னா நானே கூப்பிடறேன்"னாங்க. பாருங்க அந்த மனசை. எந்த முதலாளி கேக்காமயே ரெஸ்ட் குடுப்பான்? நாலு மாசமா ரெஸ்ட்லதான் இருக்கேன். காலண்டரு இப்ப என்ற போன்ல தெறக்கறதில்ல. ரெஸ்ட்ல இருக்கறவனுக்கு எதுக்குக் கலரு? தற்காலிகமா ஆப்புல புக் பண்ணி டிரைவரு வர்றாங்களாம். தினம் ஒருத்தனாம். பையன் பேரு அவனுகளுக்குத் தெரியுமோ என்னமோ.

எங்கூட்டுக்காரி இதை வேற மாதிரி சொல்லுவா. அவ சொல்றதை விடுங்க.

பால் காச்சற சேதி மேடம் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்க. வீட்டுப் படம், தேதி, நேரம், எல்லாம். "உனக்கு அழைப்பு வந்துச்சா?"ன்னு எங்கூட்டுக்காரி கேட்டா. ஸ்டேட்டஸ்ல போடறதே அழைக்கறதுக்குத்தானடி, ஆள் ஆளாப் போய்ப் பாக்கு வெச்சுட்டிருக்க அவிங்களுக்கு நேரமிருக்குதான்னேன். புது வீட்டுக்குப் பொறந்தவன் சீரு வரோணும். கனடாக்காரரு மொட்டைக்கே வரல, இதுக்கு வரப்போறாரா? நாலு பேரு வந்து, "சீரு எங்க, பொண்ணோட அண்ணன் எங்க"ன்னு கேட்டா மேடம் எங்க போயி முழிக்கும்? அதான் கெளம்பிட்டேன். தலையிலடிச்சுக்கிட்டேதான் எங்கூட்டுக்காரி இந்தத் தட்டை அடுக்கிக் குடுத்தா. சேலை அவ எடுத்தது. வேட்டி, தேங்கா, பழம், வெத்தலை பாக்கு, கல்கண்டு. ஒரு கொறை சொல்ல முடியாது. இந்த ஓரத்துல பாருங்க, பொம்மை ஜேசிபி. கை மேலயும் கீழயும் அசையும். இது என்ற செலக்சன்.

பயமாங்களா? பயம் இல்லாம இருக்குமா. வாசப்படியில நிக்க வெச்சு, "அண்ணா நீங்களா, என்ன விசயம்?"னு கேட்டுட்டாங்கன்னா தட்டோட எங்க திரும்பறது? ராத்திரியெல்லாம் அதான் யோசனை. ஒண்ணே ஒண்ணு நடந்தாப் போதும். அந்தப் பையன் நாலு பேரு முன்னால ஓடியாந்து மாமான்னு ஒருக்கா கூப்பிட்டுட்டான்னா, பொறவு யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. நாலு மாசம் ஆச்சுங்க. அஞ்சு வயசுக்கு நாலு மாசம்ங்கறது கொஞ்சமில்ல. மறந்திருந்தாலும் அவனைச் சொல்லிக் குத்தமில்ல.

ஒரு நிமிசமுங்க, போனு. யாரு... மேடம்தான். பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லையா? தட்டைச் சித்த பிடிங்க.

சொல்லுங்க மேடம்... நல்லா இருக்கேனுங்க... இல்லீங்க, வீட்ல இல்ல, பஸ்ல... ஆமாங்க, பாத்தேன், ஸ்டேட்டஸ்ல... அப்படிங்களா... சரிங்க... சரிங்க... அது ரெடியாவே இருக்குதுங்க மேடம்... ஆமாங்க, கையிலதான்... வேண்டாமுங்க, அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்... பத்தரைக்குள்ள கொண்டாந்துடறேன். வெச்சர்றேன்.

...

ஒண்ணுமில்லீங்க. நல்ல சேதிதான். ஹரீஷ் சாரு வந்துட்டாராம். கனடாவுல இருந்து. திடீர்னு லீவு கெடச்சுதாம், இப்பத்தான் ஏர்போர்ட்ல எறங்கியிருக்காரு. ஆப்புல புக் பண்ண டிரைவரு கடைசி நேரத்துல கால வாரிட்டான். காரு பழைய அபார்ட்மெண்ட்ல நிக்குதாம், சாவி வாட்ச்மேன்கிட்ட. "அண்ணா, ப்ரீயா இருக்கீங்களா, ஏர்போர்ட் போயி ஹரீஷைக் கூட்டிட்டு வந்துட முடியுமா, உங்களை விட்டா யாருமில்ல"ன்னாங்க. உங்களை விட்டா யாருமில்ல. அந்த வார்த்தைய அவிங்க சொன்னாங்க, நான் சேத்துச் சொல்லல.

அபார்ட்மெண்ட் இங்க கணபதியிலதானுங்க. இந்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன்.

தட்டுங்களா. அதுவும் சொன்னாங்க. "அவன் வெறுங்கையோட வர்றான்ணா, வர்ற வழியில அவன் பேர்ல ஒரு சீர்த்தட்டு ரெடி பண்ணிடறீங்களா, எவ்வளவுன்னு சொல்லுங்க அனுப்பிடறேன்"னாங்க. ரெடியா இருக்குதுன்னேன். "சூப்பர்ணா, நீங்க எப்பவுமே ஒரு படி முன்னாடி"ன்னாங்க. காசு எவ்வளவுன்னு நான் சொல்லல. எங்கூட்டுக்காரி கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல.

பையன் சத்தம் கேட்டுச்சுங்க. பின்னால நின்னு, "அம்மா, மாமா வந்தாச்சா?"ன்னு கேட்டான். எந்த மாமனைன்னு நான் கேக்கல. அவரை இவன் போன்ல மட்டும்தான் பாத்திருக்கான்.

டிரைவரண்ணா, கணபதி, ஒரு ஆள் எறங்கோணும். இந்த ஒரு பிரேக்காச்சும் பதமாப் பிடிங்க.

நான் கீழ எறங்கிக்கறேன், நீங்க ஜன்னல் வழியாத் தட்டைக் குடுங்க. பாத்துங்க, வெத்தலை சரியப் போகுது. இருங்க, இருங்க, அந்த ஜேசிபிய மட்டும் தனியா எடுத்துக் குடுத்துருங்க. அது சீருல சேராது. அது என்ற சட்டைப் பையில இருக்கட்டும்.

எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. வாசல்ல ரெண்டு மாமனும் ஒரே கார்ல இருந்துதான எறங்கப் போறோம். இவ்வளவு பெரிய தட்டை ஹரீஷ் சாரு ரெண்டு கையிலயும் பிடிச்சுட்டுத்தான் நிக்கோணும். பையன் ஓடியாந்தா தூக்கறதுக்கு என்ற கைதான் காலியா இருக்கும்.